டெய்ரி ஃபார்ம் போகும், ஏறுங்க!

ஜெகநாதனின் வேலையைப் பறித்தது வேறு யாருமல்ல, ஜெகநாதனின் குரல்தான்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது அவன் தொழில். "பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி, தூத்துக்குடி, தூத்துக்குடீ!" என்று அவன் இழுக்கிற இழுப்பில், டீ குடிக்க வந்தவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவான் என்பார்கள். ஒருநாள் பஸ் முதலாளி அவனை அருகே அழைத்து, கைபேசியை வாய்க்கு நேராக நீட்டி, "எங்க, நல்லா ஒருவாட்டி கூப்புடு பாப்போம்" என்றார். ஆசையாகக் கேட்கிறாரே என்று ஜெகநாதனும் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். மறுநாள் பஸ்ஸின் நெற்றியில் ஒரு ஒலிபெருக்கி உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஜெகநாதனே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சம்பளம் கேட்காத, டீ கேட்காத, தொண்டை கட்டாத ஜெகநாதன். எலும்பும் சதையுமான ஜெகநாதனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா உடனே போர்ட் பிளேரில் இருக்கும் தன் தம்பி ரவிச்சந்திரனுக்குப் போன் போட்டாள். ரவிச்சந்திரன் அங்கே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் குடியிருந்துகொண்டு வீடு கட்டித் தரும் சின்ன காண்ட்ராக்டர். "அனுப்பி வைக்கா. அந்தமான்ல ஆளுக்குத்தான் பஞ்சம், வேலைக்குப் பஞ்சமில்ல" என்றார். கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்று.

கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் ஜெகநாதனின் வயிறு அவனைத் தாண்டிவிட்டது. வங்காள விரிகுடா முழுவதும் அவன் வாளியைக் கட்டிப்பிடித்தபடி வந்தான். சாப்பாட்டு மணி அடித்தால் மற்றவர்கள் தட்டோடு ஓடினார்கள், அவன் வாளியோடு ஓடினான். போர்ட் பிளேரில் இறங்கியதும் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இனிமே சாகுற வரைக்கும் தண்ணியில கால் வைக்க மாட்டேன்" என்றான்.

"அப்ப ஊருக்கு எப்படிடா போவ?"

"போகலை மாமா."

ரவிச்சந்திரன் சிரித்தார். ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விமானத்தில் போக வசதி கிடையாது. கப்பலில் போக வயிறு கிடையாது. ஆகவே இந்தத் தீவிலேயே, தரையில் நின்று செய்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

மாமா முதலில் தன்னுடைய சைட்டிலேயே போட்டுப் பார்த்தார். ஜெகநாதனுக்குச் சும்மா நின்று மண் அள்ளத் தெரியவில்லை. "கலவை வந்தாச்சு, கலவை, கலவை, கலவே!" என்று கூப்பிட்டான். பக்கத்து சைட் கொத்தனார்களும் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். பக்கத்து காண்ட்ராக்டர் சண்டைக்கு வந்தார்.

"ஏன்டா, உனக்கு வேற எதுவுமே தெரியாதா?" என்றார் மாமா அன்று சாயங்காலம்.

"ஆள் ஏத்தத் தெரியும் மாமா."

"சரி. கடைசியா ஒரு எடம் இருக்கு. அதுவும் சரிப்படலைன்னா அடுத்த சென்னைக் கப்பல்ல உன்னையவே ஏத்தி விட்டுருவேன்."

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதுமே ஜெகநாதன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான்.

அந்தக் கடைசி இடம், நளினி என்பவரின் சுற்றுலாப் படகு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியை ஒட்டிய சின்னத் துறையில் நிற்கும். பயணிகளை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். நளினி நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவில் பிறந்தவர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பக்கத்தில் கடலடி தெரியும் பெரிய கண்ணாடிப் படகு ஒன்று வந்ததிலிருந்து அவருடைய படகில் பாதி இருக்கை காலியாகவே போய்வந்தது.

"இங்க பாருங்க தம்பி, ஞாயித்துக்கெழம மத்தியான டிரிப்பை நெறப்பிக் காட்டுங்க. நெறஞ்சா வேலை. இல்லாட்டி எனக்கு ஏலாது" என்றார் நளினி.

"நான் போட்டுல ஏறணுமாக்கா?"

"நீங்க எதுக்கு ஏறுறீங்க? கரையில நின்னு ஆளைக் கூப்புட்டாச் சரி."

கரையில் நிற்கலாம், கத்தலாம், சம்பளமும் உண்டு. ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மாமா மகள் தமிழரசிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சுரேந்திரன் கட்சாலில் பள்ளிக்கூட கிளார்க். அவர்கள் ஆட்கள் நிக்கோபார் கப்பலில் வந்து ஃபீனிக்ஸ் பேயில் இறங்குவார்கள். அங்கிருந்து டெய்ரி ஃபார்முக்கு அழைத்துவர ஈஸ்வரன் என்பவரின் வேன் பேசியிருந்தது. ராகுகாலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஜெகநாதனுக்கு அந்த நேரத்தில் வேறு இடத்தில் வேலை என்பதில் மாமாவுக்கு உள்ளூர நிம்மதி. என்ன இருந்தாலும் தமிழரசிக்கு அவன் முறைமாப்பிள்ளை. கப்பலில் இளைத்த முகத்தோடு பந்தியில் நின்றால், பெண் கிடைக்காத ஏக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிட்டால்?

கிளம்பும்போது தமிழரசிதான் கேட்டாள்: "அத்தான், ஹிந்தி தெரியாம அங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடு, போதும். 'போகும்'ங்கிறதுக்கு என்ன?"

"ஜாயேகா."

"அம்புட்டுதான். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவன் சொன்னது வீம்பு இல்லை. பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எவன் எந்த ஊர் போகுமா என்று கேட்டாலும், "போகும், ஏறுங்க!" அந்த ஊருக்குள் போகாவிட்டால், ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் இறக்கிவிடலாம். விலக்கும் இல்லாவிட்டால், வண்டி நகர்ந்த பிறகு கண்டக்டர் பாடு. இந்தச் சட்டம் எல்லாச் சாலைக்கும் பொருந்தும். கடலுக்குப் பொருந்துமா என்று யாரும் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நளினி ஏதோ கையெழுத்து வாங்கத் துறைமுக அலுவலகத்துக்குப் போனார். படகில் ஜோசப் பாய் மட்டும் இருந்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து என்றைக்கோ வந்து தீவில் குடியேறிய குடும்பத்துக்காரர். படகு ஓட்டுவதும், ஏறுகிறவர்களுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிடுவதும் அவர் பொறுப்பு. டிக்கெட் நளினியின் பொறுப்பு என்பதால் அதைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

ஜெகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். போர்ட் பிளேரில் படகுக்கு ஆள் கூப்பிடும் வழக்கமே கிடையாது. அங்கே டிக்கெட் கிடைக்காதா என்று ஆட்கள்தான் வரிசையில் நின்று கப்பலை ஏங்கிப் பார்ப்பார்கள். ஒரு படகே ஆளைத் தேடிக் கூப்பிடுகிறது என்றதும் ஜெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏறு, ஏறு, ஏறு! உடனே போற வண்டி! உக்காந்து போகலாம்! ஜாயேகா, ஜாயேகா, ஜாயேகா!"

ஹோட்டலில் சொல்லிவைத்து வந்திருந்த தேனிலவு ஜோடிகள் சிலர் முதலில் ஏறினார்கள். காலிக் கூடையோடு அக்கரைக்குப் போக வந்த வங்காளி மீன்காரம்மா ஒருவர், "பேம்பூ ஃப்ளாட் ஜாயேகா?" என்றார். ஜாயேகா. ஏறிவிட்டார். ஆஸ்பத்திரி கேட்டவர், மார்க்கெட் கேட்டவர், எல்லாரிடமும் ஜாயேகா. கடைசியில் சில இருக்கைகள் மிச்சமிருந்தபோது, தாமதமாக வந்த நிக்கோபார் கப்பலிலிருந்து ஒரு தமிழ்க் கூட்டம் மூட்டை முடிச்சோடு நடந்து வந்தது. தலைமை தாங்கி வந்த அம்மாவுக்குப் பச்சைப் பட்டுச்சேலை. பின்னால் ஒரு பெரியவர் பலாப்பழத்தைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தார்.

"தம்பி, டெய்ரி ஃபார்ம் போறதுக்கு வேன் வருமின்னாங்க..."

"டெய்ரி ஃபார்ம் போகும், ஏறுங்க!"

"போட்டா? போட்டு டெய்ரி ஃபார்ம் போகுமா?"

"கிட்டத்துல எறக்கி விட்டுருவோம்மா. அங்கருந்து நடந்தா ரெண்டு நிமிஷம்."

"டிக்கெட்டு?"

"டிக்கெட் உள்ள குடுப்பாங்க. நீங்க மொதல்ல ஏறுங்க, சன்னலோரம் போயிரும்."

பெரியவர் தயங்கினார். "என்னா தங்கம்மா, டெய்ரி ஃபார்முக்குக் கடல் வழி எப்ப வந்துச்சு?"

"நாம வந்து எத்தன காலமாச்சு அண்ணே. புதுசா வுட்டிருப்பாங்க. வேனுல குலுங்கிப் போறதுக்கு இது சொகந்தானே" என்றபடி தங்கம்மா ஏறினார். கூட்டம் முழுவதும் ஏறியது. ஜோசப் பாய் எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். ஒரு சட்டை மிஞ்சியது. அதைப் பலாப்பழத்துக்கு மாட்டினார்.

படகு நிறைந்துவிட்டது. தூரத்தில் நளினி திரும்பி வருவது தெரிந்தது. நிறைந்த படகைப் பார்த்து அவர் முகம் மலர்வதும் தெரிந்தது. ஜெகநாதனுக்கு நெஞ்சு விம்மியது. படகின் விலாவில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்றான். படகு நகர்ந்தது.

இந்த இடத்தில் அவனுடைய மூளைக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் கால் செய்தது. நகர்கிற வண்டியோடு நாலு எட்டு ஓடி, கம்பியைப் பிடித்து, ஃபுட்போர்டில் தொற்றிக்கொள்வது அந்தக் காலுக்கு அத்தனை வருடப் பழக்கம். ஓடியது, பிடித்தது, தொற்றியது. பிறகு ஜெகநாதன் கீழே பார்த்தான்.

கீழே தண்ணீர்.

"டிரைவர் அண்ணே! நிறுத்துங்க! எறங்கணும்!" என்று அலறினான். ஜோசப் பாய்க்குத் தமிழ் தெரியாது. வேகமாகப் போகச் சொல்கிறான் என்று நினைத்து வேகமாகப் போனார்.

கொஞ்ச நேரம் எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். துறைமுக வாயைத் தாண்டியபோதுதான் தங்கம்மா, "டெய்ரி ஃபார்ம் எப்பங்க வரும்?" என்று ஜோசப் பாயிடம் ஹிந்தியில் கேட்டார்.

ஜோசப் பாய் சுக்கானை விட்டுவிட்டுத் திரும்பினார். "டெய்ரி ஃபார்ம்? அரே மாஜி, உதர் தோ ரோட் ஜாத்தா ஹை, பானி நஹி ஜாத்தா!"

"ரோடுதான் போகுமாம். தண்ணி போகாதாம்" என்று மாப்பிள்ளை சுரேந்திரன் மற்றவர்களுக்கு ரொம்ப மரியாதையாகத் தமிழில் சொன்னான்.

மீன்காரம்மா பேம்பூ ஃப்ளாட்டைக் கேட்டார். மார்க்கெட் கேட்டவர் மார்க்கெட்டைக் கேட்டார். எல்லாருடைய பார்வையும் ஃபுட்போர்டுக்குத் திரும்பியது. அங்கே ஜெகநாதன் கண்ணை மூடிக் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தான். திருப்பிவிடலாம் என்று ஜோசப் பாய் படகை வளைத்தார். அதற்குள் ஒரு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய வந்துவிட்டது. அது உள்ளே போகும்வரை சின்னப் படகெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஜெகநாதன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். சென்னைக் கப்பல். அவனுடைய கப்பல். அது மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு சன்னலாகக் காட்டியபடி நகர்ந்தது. அதன் அலையில் படகு மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய் ஜெகா, நீ ஃபீனிக்ஸ் பேயிலதானடா நிக்கிற? மாப்பிள்ளை வீட்டுக்காரகளக் காணோம்னு ஈஸ்வரன் வேனோட நிக்கிறான். பச்சைப் பட்டு கட்டுன ஒரு அம்மா. பலாப்பழத்தோட ஒரு பெரியவர். கண்ணுல பட்டாகளா?"

ஜெகநாதன் நிமிர்ந்தான். பச்சைப் பட்டு அவனைப் பார்த்தது. மிதவைச் சட்டை போட்ட பலாப்பழமும் அவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பட்டாக மாமா."

"எங்கடா இருக்காக?"

"எங்கூடத்தான் மாமா. கடல்ல."

போனில் மாமா வெடித்தார். "அடப்பாவி! மொறப்பொண்ணு வேணும்னா வாயத் திறந்து கேட்டிருக்கலாமேடா! அதுக்காக மாப்பிள்ளையக் கடத்திக்கிட்டுப் போயி நடுக்கடல்ல வச்சிருக்கியா?"

படகு முழுவதும் கேட்டது. தங்கம்மா இடுப்பில் கை வைத்தார்.

"ஓஹோ! நீங்கதான் மொறமாப்புளயா?"

"அம்மா, சத்தியமா எனக்கு..." என்று வாயைத் திறந்தான். வந்தது விளக்கம் இல்லை. கப்பலின் அடுத்த அலையும் அவனுடைய மத்தியானச் சாப்பாடும் ஒன்றாக வந்தன. படகின் விளிம்பில் தொங்கினான்.

பலாப்பழத்தோடு வந்த பெரியவர் கணபதி எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "இல்ல தங்கம்மா. ஆளக் கடத்துறவன் இப்பிடியா வாந்தி எடுப்பான்?"

தங்கம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. சீர்த்தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கீறி அவன் மூக்கில் வைத்தார். "மோந்து பாருங்க. கடல்னா இம்புட்டு பயந்தாக்கா அந்தமானுக்கு என்னாத்துக்கு வந்தீங்க?"

"வேலை தேடித்தாம்மா."

"போட்டுலயா?"

"கரையிலம்மா. கரையில!" என்று சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தேனிலவு ஜோடி ஒன்று, இதெல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்த நிகழ்ச்சி என்று நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் படகு துறைக்கு வந்தபோது நளினி டிக்கெட் புத்தகத்தோடு நின்றிருந்தார். புத்தகத்தில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

"நெறப்பச் சொன்னேன், நெறப்பிட்டீங்க. கொறை சொல்ல ஏலாது" என்றார். "ஆனா அண்டாவுல தண்ணி நெறப்புறாப்ல நெறப்பிட்டீங்க தம்பி. ஒங்க வாய்க்கு இந்தக் கடல் பத்தாது. வேற எடம் பாருங்க." பிறகுதான் இறங்குகிறவர்களைக் கவனித்தார். "அடியாத்தீ, தங்கம்மாக்கா! நீங்களா?" ஒரே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்தவர்களாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஒருவர் இளநீர்க் கடைக்கு, ஒருவர் கழிப்பறைக்கு. ராகுகாலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சாலையோரத்தில் வேனோடு நின்ற ஈஸ்வரன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். "ஏம்ப்பா, சீக்கிரம் கூட்டிட்டு வாப்பா! ரவி அண்ணன் என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பாரு!"

வேலை போயிற்று. அடுத்த சென்னைக் கப்பல் கண்ணெதிரேயே கட்டி நின்றது. மாமா வீட்டில் சோறும் போயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஜெகநாதன் தரையில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றினான். தரை ஆடவில்லை. அந்தத் தெம்பில் மூச்சை இழுத்தான்.

"டெய்ரி ஃபார்ம், டெய்ரி ஃபார்ம், டெய்ரி ஃபார்ர்ம்! உடனே போற வண்டி! ஏறு, ஏறு, ஏறு!"

இளநீர் கீழே வைக்கப்பட்டது. கழிப்பறைக் கதவு திறந்தது. தங்கம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். பலாப்பழம் மிதவைச் சட்டையோடு ஏறியது. ஜோசப் பாய் அதைக் கழற்ற மறந்திருந்தார். கண்மூடித் திறப்பதற்குள் வேன் நிறைந்தது. இரண்டு தட்டு, ஒரு "ரைட்!", நாலு எட்டு ஓட்டம், ஃபுட்போர்டு. கீழே பார்த்தான். தார் ரோடு! அதைவிட அழகான ஒன்றை அந்தத் தீவில் அவன் அதுவரை பார்த்ததில்லை.

டெய்ரி ஃபார்மில் வாசலில் நின்று வரவேற்ற மாமி சொர்ணம்மா, வேனிலிருந்து இறங்க இறங்க எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டு உலையில் இன்னும் அரிசி போட உள்ளே ஓடினாள். கட்சால்காரர்களோடு மீன்காரம்மாவும் இறங்கினார், வீடியோ எடுத்த தேனிலவு ஜோடியும் இறங்கியது, டெய்ரி ஃபார்மிலேயே குடியிருக்கும் முன்பின் தெரியாத நாலைந்து பேரும் இறங்கினார்கள். அந்தக் குரலுக்கு ஏறாமல் இருக்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

கேள்வி கேட்க நேரம் இல்லை. தட்டை மாற்றினார்கள். மாற்றும்போது மீன்காரம்மா, வங்காளி வீட்டு விசேஷங்களில் செய்கிற மாதிரி நாக்கைச் சுழற்றி 'உலு உலு' என்று ஒலியெழுப்பினார். சொர்ணம்மா அருப்புக்கோட்டைக் குலவையில் பதில் கொடுத்தாள். யார் குரல் ஓங்கியது என்று இன்றுவரை தகராறு.

பந்தியில் மாமா ஜெகநாதனின் பக்கம் திரும்பவேயில்லை. அப்பளத்தை மட்டும் ஓங்கி வைத்தார். தமிழரசிதான் குனிந்து, "ஒரு வார்த்தைதான் சொல்லிக் குடுத்தேன் அத்தான். நல்லவேளை, ரெண்டாவது கேக்கலை" என்றாள்.

ஈஸ்வரன் கை கழுவிவிட்டு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, தினம் பாதி சீட்டைக் காத்துக்குத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். இந்தப் பையன எங்கிட்ட விட்டுருங்க. ஜெட்டிக்கும் டெய்ரி ஃபார்முக்கும் ஓட்டுவோம். தண்ணிப் பக்கம் கூட்டிட்டே போக மாட்டேன்."

மாமா இரண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்து முடித்தபிறகு, "கூட்டிட்டுப் போ" என்றார். "ஆனா ஒண்ணு. எவனாவது சென்னை போகுமான்னு கேட்டா, இவன் போகும்னு சொல்லிருவான். பாத்துக்க."

இன்றும் ஃபீனிக்ஸ் பேயில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் குரலைத்தான். ஜெகநாதனுக்கு ஹிந்தி இப்போது நன்றாகவே வருகிறது. 'போகாது' என்று சொல்கிற 'நஹி ஜாயேகா'வை மட்டும் அவன் இன்னும் சொல்லப் பழகவில்லை. ஒருமுறை விமானத்தில் அருப்புக்கோட்டை போய்வந்தான். சன்னலோர இருக்கையிலிருந்து கடலைப் பார்த்ததும் திரையை இறக்கிவிட்டானாம்.

அம்மா வாரம் தவறாமல் காய்கறி வாங்கப் பஸ் நிலையம் வரை போகிறாள். ஒலிபெருக்கிக்குக் கீழே பையை வைத்துவிட்டு, தூத்துக்குடி பஸ் கிளம்பும்வரை நின்று மகனைக் கேட்டுவிட்டு வருகிறாள். போன வாரம் பதறிப்போய்ப் போன் செய்தாள்.

"ஏண்டா ஜெகா, உனக்கு ஒடம்புக்குச் சேட்டமில்லையா? நேத்து உன் தொண்டை கரகரன்னு இருந்துச்சேடா. எட்டயபுரம் சொல்லையில ரெண்டு எடத்துல நின்னுபோச்சு."

"அது ஸ்பீக்கர் ரிப்பேர்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"எது ரிப்பேரோ, எனக்குத் தெரியாது. ராத்திரி பால்ல மஞ்சத்தூள் போட்டுக் குடி."

குடித்தான். அடுத்த வாரம் பஸ்காரர்கள் ஸ்பீக்கரைச் சரிசெய்திருந்தார்கள். மஞ்சள் பாலில் தொண்டை சரியாகிவிட்டதென்று அம்மா சந்தோஷப்பட்டாள்.